எங்கள் லயத்துக்கு வந்த ஐரோப்பா

ஐரோப்பிய இலக்கியம் என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது மண்ணெண்ணெய் வாடை. இலங்கைத் தேயிலை மலைகளில், அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆடி மழை, விறகு நனைந்து அடுப்பு பிடிக்க மறுக்கும் அந்தி, "குப்பி லாம்பு" கக்கும் கரிப்புகை, அதன் கீழே விரித்த தடித்த புத்தகத்தின் பசை நாற்றம், அதைச் சுற்றி ஈரக் கம்பளியோடு குந்தியிருக்கும் ஏழெட்டுப் பெண்கள். இவையெல்லாம் கலந்த ஒரு வாடைதான் எனக்கு ஐரோப்பா. பிற்காலத்தில் குளிரூட்டிய மண்டபங்களில் அந்த இலக்கியத்தைப் பற்றி முழங்கியவர்களிடமிருந்து வாசனைத் தைலம் மட்டுமே வீசியதால், அவர்களில் ஒருவரையும் நான் நம்பியதில்லை.

அந்தப் புத்தகங்கள் அறிவை வளர்க்க எங்கள் வீட்டுக்கு வந்தவை அல்ல. கடைவீதியில் இருந்த ஒரு தொழிற்சங்க அலுவலகத்தை மூடினார்கள். அதன் தலைவர்கள் எங்கள் விடுதலைக்காக வெகுதூரம் நடந்து, நடந்து, கடைசியில் கொழும்பில் கார்க் கதவைத் திறந்துவிட ஆள் வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன அலமாரியில் ருஷ்யாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு, ஒருவரும் புரட்டிப் பார்க்காமல் பக்கங்கள் ஒட்டிக் கிடந்த நாவல்கள் இருந்தன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா அவற்றை ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், அடுப்புப் பற்றவைக்க. அம்மா முதல் புத்தகத்தின் அட்டையைக் கிழிக்கப் போனபோது நான் பிடுங்கிக்கொண்டேன். இலக்கியப் பற்றினால் அல்ல, அட்டையில் அழகான குதிரை வண்டி ஒன்று இருந்தது.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சத்தம்போட்டு, திக்காமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மழைக்காலத்தில் எங்கள் ஒற்றை அறைக் "காம்பரா"வில் மட்டும் அப்பா கொண்டுவரும் காய்ந்த விறகு இருந்ததால், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் குளிர்காய வந்து உட்காருவார்கள்; உட்கார்ந்தவர்கள் காதில் நான் படிப்பது விழுந்தது; விழுந்தது பிடித்துப்போயிற்று. முதல் ஆளாக வருபவள் பக்கத்துக் காம்பரா மாரியாயி. லயத்துக்குப் பொதுவான பீலிக் குழாயின் தண்ணீருக்காகக் காலையில் அம்மாவோடு குடத்தை ஓங்கிச் சண்டை போட்டுவிட்டு, அந்தியில் கதை கேட்க வெட்கமில்லாமல் வந்து அடுப்பருகே இடம் பிடிப்பாள். கூடவே அவளுடைய மகள் செல்வியும் வருவாள். செல்விக்கு என் வயதுதான். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் குதிரை வண்டிப் புத்தகத்தில் ஒரு பெரிய சீமாட்டி, அவளுடைய சூதாடி மகன், அவர்கள் தயவில் அந்த மாளிகையில் கிடக்கும் தூரத்து உறவுக்காரப் பெண், நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தன் என்று ஒரு கூட்டம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் கூட்ஸ் ரயில் நீளத்துக்கு ஒரு பெயர். முதல் நாளே மாரியாயி கையை நீட்டி நிறுத்தினாள்.

"இந்தா புள்ள, இந்தப் பேரெல்லாம் நமக்கு வேணாம். அந்தக் கெழவி பெரிய தொரைசாணி. மவன் சின்னத் தொரை. நெலத்தப் பாக்குறவன் கணக்கப்பிள்ளை. அந்த அநாதப் புள்ளைக்குத் தங்கம்னு வச்சுக்க."

அன்றிலிருந்து அப்படியே படித்தேன். மாளிகை பங்களா ஆயிற்று, சமையல்காரன் "பங்களா அப்பு" ஆனான், எங்கள் தேயிலை மலைகளுக்கு இருப்பதுபோல் பண்ணை வயல்களுக்கும் மலை நம்பர் போட்டோம். சில நாட்களில் கண் அந்நியப் பெயரைப் பார்க்கும், வாய் தானாகத் தங்கம் என்று சொல்லும். இதைவிடப் பெரிய தொல்லை, எங்கள் பெண்கள் அந்த ஆட்களிடம் தோட்டத்து ஒழுங்கை எதிர்பார்த்ததுதான். சீமாட்டி பத்து மணிக்கு எழுந்து ஜன்னலோரம் பெருமூச்சு விட்டால், "இவள ஆறரை மணிப் பெரட்டுக்குக் கூப்பிட்டாத் தெரியும்" என்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தப் "பெரட்டு"க் களத்துக்கு ஒருநாளும் வராத ஒரு குடும்பம் எப்படி மூன்று வேளை சாப்பிடுகிறது என்பது அவர்களுக்கு விளங்கவேயில்லை. தங்கம் காதலனுக்காக ஒரு முழுப் பகலும் தோட்டத்தில் காத்து நின்ற அத்தியாயத்தில், அவளுக்கு "அரைப் பேர்"தான் விழும், அரைநாள் கூலிக்கு மேல் கிடைக்காது என்று கவலைப்பட்டார்கள்.

நானும் அந்த மனிதர்களை மதித்தேன் என்று சொல்லமாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் தேநீர் குடித்தார்கள். சண்டை வந்தால் தேநீர், சாவு வந்தால் தேநீர், சண்டையும் சாவும் வராவிட்டால் அந்தச் சலிப்புக்குத் தேநீர். எங்கள் பெண்களின் விரலில் கறுப்பாக ஏறிக்கிடந்த கறை எந்த மாளிகையின் வெள்ளிக் கரண்டியிலும் படவில்லை. அந்த இலை எங்கிருந்து வருகிறது என்று அவ்வளவு படித்த, அவ்வளவு உணர்ச்சிமிக்க ஒரு மனிதப்பிறவிக்கும் கேட்கத் தோன்றவில்லை. தங்கத்துக்குக் காசநோய் கண்டபோது அவள் சாக ஆறு அத்தியாயம் எடுத்துக்கொண்டாள். நடுவில் இரண்டு முறை மன்னிப்பு வழங்கினாள். "நம்ம ஆளுங்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருவாங்க" என்று மாரியாயி கொட்டாவி விட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஒரே ஒரு அந்தி மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அறுவடை முடிந்து குடியானவர்கள் தானியத்தைக் கொண்டுவந்து காரியஸ்தன் முன் வைக்கும் இடம் அது. அவன் தராசைப் பார்க்கிறான், மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறான், ஈரமாயிருக்கிறது என்று சொல்லி ஒரு பங்கைக் கழிக்கிறான். வெயிலில் காய்ந்து சலசலக்கும் தானியம். மழை நாளில் எங்கள் கொழுந்திலும் "தண்ணிக்கு" என்று கழிப்பார்கள், வெயில் நாளிலும் கழிப்பார்கள். "அங்கயுமா?" என்றாள் அம்மா. அந்தக் கதாசிரியர் அதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மூச்சிரைக்கச் சீமாட்டியின் நடன விருந்துக்கு ஓடிப்போயிருந்தார். அந்த அரைப் பக்கத்துக்காக அவரை மதிக்கிறேன். மீதி ஐந்நூறு பக்கத்துக்கு என்னிடம் மரியாதை கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் வலயப் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு: ஐரோப்பிய இலக்கியம் அதன் காலத்தின் கண்ணாடி. மழை ஒழுகும் ஒற்றை மண்டபத்தில் ஐந்து வகுப்புகள் நடக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கு இந்தத் தலைப்பைத் தேர்ந்த மூளை யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழ் படிப்பித்த "சேர்" வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார். போட்டியில் முதலாவதாக வந்தால் ஹட்டனில் ஒரு பெரிய பாடசாலையின் விடுதியில் என்னைச் சேர்க்கத் தன்னால் முடியும் என்றார். அம்மா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தாள், அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: "கெடைச்சாப் போ. கெடைக்கலன்னா திங்கக்கிழம பேர் பதிஞ்சிருவோம். என்னால ஒத்தக் கூடைக் கூலிய வச்சுக்கிட்டு முடியல." பேர் பதிவது என்றால் தோட்டத்துத் தொழிலாளியாகப் பெயர் கொடுப்பது. அதற்குப் பிறகு பாடசாலை கிடையாது.

சேர் எனக்கு எழுதிக்கொடுத்த பேச்சில் மறுமலர்ச்சி என்னும் கதிரவன் உதித்தான், மடமை என்னும் இருள் மடிந்தது, கைத்தொழிற் புரட்சி கர்ஜித்தது. ஒரு நாவலின் பெயர்கூட இல்லை. அவர் ஒன்றும் படித்ததில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஹட்டனுக்காக அந்தக் கதிரவனை எழுத்துப் பிசகாமல் விழுங்கிக்கொண்டேன்.

நுவரெலியாவில் மேடை ஏறி, கையை ஆட்டி, கர்ஜித்து முடித்தேன். கைதட்டல் பலமாகவே வந்தது. அத்தோடு இறங்கியிருந்தால் ஹட்டன் போயிருப்பேன். நடுவர்களில் ஒருவர், கழுத்துப்பட்டி கட்டிய பெரியவர், வித்தியாசமாக எதையாவது செய்ய ஆசைப்பட்டு, "பிள்ளை, நீ வாசித்த ஒரு நாவலில் இருந்து இதற்கு ஓர் உதாரணம் சொல் பார்ப்போம்" என்றார். அதற்கு முன் பேசியவர்களை அவர் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தராசுக் காட்சியைச் சொல்லத் தொடங்கினேன்.

"கணக்கப்பிள்ளை தானியத்தை நிறுக்கிறார். பெரிய தொரைசாணி பங்களாவில் இருக்கிறார். ஏழாம் நம்பர் மலையில்..."

மண்டபம் சிரித்தது. நடுவர் கையை உயர்த்தினார். "எந்த நாட்டு நாவல் இது? அந்தக் கணக்கப்பிள்ளைக்குப் பெயர் இல்லையா?"

பெயர் இருந்தது. கூட்ஸ் ரயில் நீளத்துக்கு இருந்தது. ஆனால் அத்தனை நாளாக நான் வாயால் சொல்லாத அந்தப் பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. சீமாட்டியின் பெயர் வரவில்லை, ஊரின் பெயர் வரவில்லை. தங்கம், தங்கம் என்றுதான் வந்தது. "இது உங்கள் தோட்டத்துப் புரளி, இலக்கியமல்ல" என்றார் அவர். பரிசு, கதிரவனின் இன்னொரு பிரதியைச் சொன்ன ஒரு பட்டணத்துப் பையனுக்குப் போயிற்று. அவனிடம் யாரும் உதாரணம் கேட்கவில்லை. குடியானவனின் தானியத்தைக் கழித்த கதையைச் சொன்ன குற்றத்துக்காக என்னைக் கழித்துவிட்டார்கள் என்பதுகூடப் புரியாத அந்த மரமண்டைகள், பிறகு மேடையிலேயே கேக்கும் தேநீரும் அருந்தினார்கள்.

திங்கட்கிழமை அம்மா சொன்னபடி என்னைப் பெரட்டுக்கு அழைத்துப் போனாள். பனியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மாரியாயி முன்னால் நின்றாள். அவளுக்கு ரொட்டி கொண்டுவந்த செல்வி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்து, "பேர் பதியவா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாரியாயி குறுக்கே விழுந்தாள்.

"பதியாதீங்க. புதுக் கதை நேத்துத்தான் ஆரம்பிச்சிருக்கு. மலைக்குப் போனா நம்மள மாதிரி அந்திக்கு வந்து விழுந்துருவா. அப்புறம் யாரு படிக்கிறது?"

வரிசை முழுவதும் ஆமாம் போட்டது. அது பாசம் என்று யாரும் உருகவேண்டாம். அவர்களுக்கு வேண்டியது கதை. அதற்காக என் அம்மாவின் முதுகு ஒடிந்தால் அவர்களுக்கென்ன. என் கையைப் பிடித்திருந்த அம்மா, "அடுத்த மாசம் பாப்போம்ங்க" என்று சொல்லிவிட்டு, என்னை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள். அடுத்த மாதம் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சாக்கிலிருந்த புத்தகங்கள் தீர்வதற்குள் நான் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டேன்.

இன்று டிக்கோயாவில் உயர்தர வகுப்புக்கு இலக்கியம் படிப்பிக்கிறேன். கதிரவன் இன்னும் உதித்துக்கொண்டுதான் இருக்கிறான், இப்போது பிள்ளைகளின் தொலைபேசியில் உதிக்கிறான். எங்கள் துரை பங்களா உல்லாச விடுதியாகிவிட்டது. அங்கே தோல் அட்டைப் புத்தகங்களை அலங்காரத்துக்கு அடுக்கி, வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வெள்ளிக் கரண்டியோடு தேநீர் கொடுக்கிறார்கள். லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. பெண்கள் கொழும்புக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் அந்தியில் தொலைக்காட்சி நாடகம் பார்க்கிறார்கள். கதையை நடுவில் நிறுத்தி, பெரிய மனிதர்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட அந்தக் கூட்டம் போல ஒன்றை நான் பிறகு எந்த வகுப்பறையிலும் பார்க்கவில்லை.

போன மாதம் அக்கரப்பத்தனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்கு மருந்தெடுக்கப் போகிறாளாம். மாரியாயி செத்து வெகுகாலமாகிறது. பேச்சு அந்தப் பெரட்டுக் காலையைத் தொட்டது. "அன்னைக்கு ஒங்கம்மா மட்டும் குறுக்க வரலன்னா நானும் மலைதான்" என்றேன்.

"நீங்க அங்குட்டுப் போனதும் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டாருங்க டீச்சர். ஆள் பத்தல, ஒருத்தியக் கூட்டியாந்துட்டுத் திருப்பிக் கொண்டுபோறீங்களேன்னு. எங்கம்மா என் கையப் புடிச்சு முன்னுக்கு விட்டுட்டாங்க. அன்னைக்கே கூடைய மாட்டிக்கிட்டேன்."

செல்வி அந்த மழைக்காலத்தில் மலைக்குப் போகத் தொடங்கியது எனக்குத் தெரியும். அது அந்தக் காலை, அந்த இடம் என்பது தெரியாது.

"ஒங்கம்மா மேல கோவம் வரலியா செல்வி?"

"எதுக்குங்க? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றாள், சர்வசாதாரணமாக.

ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ் நின்றது. "வாறேங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவள் மேட்டில் ஏறத் தொடங்கினாள்.