பீடத்துக்கு அடியில் வைத்த கடிதம்

எங்கள் மாரியம்மன் கோயில் வழக்கில் தோற்றதற்குக் காரணம் நான். இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்...

லூனாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கோயில் அது. அங்கே கோயில் கட்டிக்கொள்ள அந்தக் காலத்து மேனேஜர் அனுமதி கொடுத்து எழுதிய கடிதம், செயலாளரான என்னிடம் இருந்தது. கும்பாபிஷேகத்தின்போது சிலைக்கு அடியில் யந்திரத் தகடு வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் அந்தக் கடிதத்தையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிட்டேன். அம்மன் வீட்டுப் பத்திரம் அவளிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். மேலே அம்மனை நிறுத்தி அஷ்டபந்தன மருந்து சாத்தி இறுக்கிவிட்டார்கள்.

பிறகு வீடு கட்டும் கம்பெனி ஒன்று தோட்டத்தை வாங்கியது. கோயிலை எடுக்கச் சொன்னது. நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம்.

"அங்கிள், கும்பிடுற உரிமைய சட்டம் காப்பாத்தும். ஆனா இந்த எடத்துக்கு எழுத்துல ஒரு அனுமதி சூராட் வேணும் லா. அந்த மேனேஜர் கடிதம் இருந்தா போதும்" என்றார் எங்கள் வக்கீலம்மா.

கோயில் தலைவர் பெருமாள் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "எங்க தம்பி அது?"

"கரையான் தின்னுருச்சுண்ணே."

"கரையானும் கம்பெனிக்காரன் ஆளா போச்சா?" என்று சிரித்தார்.

ஏன் பொய் சொன்னேன்? ஒரு காகிதத்துக்காக மருந்தை உடைத்து அம்மனை எழுப்புவதா என்று அஞ்சினேன். கேட்காமல் வைத்த வெட்கமும் இருந்தது. இரண்டில் எது அதிகம்... அவளே தன்னைக் காத்துக்கொள்வாள் என்று நம்பினேன். அந்தக் கோர்ட்டு வழியாகத்தான் காத்துக்கொள்ள நினைத்தாளோ?

வழிபட எங்களுக்கு உரிமை உண்டு, அதை யாரும் தடுக்க முடியாது என்றார் நீதிபதி. ஆனால் அந்த நிலத்தில் அனுமதி இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்றார்.

நான் பெயர்க்க அஞ்சிய பீடத்தை, தீர்ப்புக்குப் பிறகு நாங்களே பெயர்த்தோம். யாரும் பார்க்குமுன் டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். வீட்டில் திறந்தேன். ஓர் எழுத்துகூட அழியவில்லை.

யாருக்காக அதை அப்படிக் காத்து வைத்திருந்தாள்?

இப்போது அம்மன் பெரிய கால்வாய் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். பெருமாள் அண்ணன்தான் பூசை செய்கிறார். வெள்ளிக்கிழமை அவர் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொள்கிறேன்.

இதை நீங்கள் யாரிடம் சொன்னாலும் எழுதியபடியே சொல்லுங்கள். பக்தியால் செய்தான் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்த்துவிடாதீர்கள். அது எனக்கே தெரியவில்லை...