இடது கையால் போட்ட ஆசீர்வாதம்

எழுபதுகளின் கடைசியில் நான் டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். கரோல் பாக்கில் எனக்குக் கல்யாணம். தாலி ஏறியதும், "முதல்ல பெரியப்பா பெரியம்மாவை நமஸ்காரம் பண்ணுங்கோ" என்றார் அப்பா.

பெரியம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். அடித்து உடைத்தது பெரியப்பாதான் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை.

"அந்த மனுஷனையா?" என்று பல்லைக் கடித்தேன்.

"ஆள் எப்படி இருந்தா என்னடி, பெரியவா ஆசீர்வாதம் வேணும்" என்றாள் அம்மா. விழுந்தேன்.

"தீர்க்க சுமங்கலியா இரு!" என்று பெரியப்பா அட்சதையைத் தாராளமாகத் தூவினார். பெரியம்மாவும் இடது கையால் கொஞ்சம் எடுத்தாள்.

"இடது கையால போடாதே, அபசகுனம்!" என்று அதட்டினார்.

கையை உடைத்தவன் போட்டால் மங்களம், உடைபட்டவள் மிச்சமிருக்கிற கையால் போட்டால் அபசகுனமா? தலையிலிருந்த அட்சதையை எல்லோர் எதிரிலும் தட்டிவிட்டேன். பெரியம்மா காலில் மட்டும் மறுபடி விழுந்தேன்.

அந்த இடது கை என் தலையில் அட்சதையைப் போட்டது. "வேலையை மட்டும் விட்டுடாதேடி" என்றாள் காதோடு.

ரிடையர் ஆகும்வரை விடவில்லை. அவள் கல்யாணத்தன்று அவளை இப்படி ஆசீர்வதிக்க ஒருத்தரும் இல்லையே என்ற ஆத்திரம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.