அலியார் என்று கூப்பிடக் கூடாத காடு

சவர்க்காரத்தையும் புகையிலையையும் குழைத்தால் ஒரு வாசம் வரும்... நல்ல வாசம் இல்லை. எனக்கு மட்டும் அது காட்டின் வாசம். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை அதைப் பூசிக்கொண்டுதான் தும்பறை மலைக்குள் கால் வைத்தோம். அந்தக் காலத்து அட்டை ஒவ்வொன்றும் ஒரு முழம். சரி, அரை முழம்.

முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் வாப்பாவின் புடவைக் கடையில் நின்றேன். கடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால், மழை விட்ட காலையில் கிழக்கே அந்த மலை தெரியும்... மடக்கிய கையின் விரல் முட்டிகள் போல.

அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

கடைக்கு வருகிற ஆட்களையெல்லாம் கேட்டேன். ஒருவர் கடல் தெரியும் என்றார். இன்னொருவர் ஒன்றுமே இல்லை என்றார். ஒன்றுமே இல்லாத இடம் எப்படி இருக்கும்? அதையும் பார்க்க வேண்டுமே!

கந்தோரில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து நண்பன் கனகுவிடம் சொன்னேன். "உன்ர அரியண்டம் தாங்கேலாது, போய்ப் பாத்திட்டு வருவம்" என்றான். தெல்தெனிய வரை பஸ். அங்கிருந்து வழிகாட்ட முதியான்சே வந்தார். ஏலக்காய் பறிக்கக் காட்டுக்குள் போய்வருகிறவர், சாரம் வாங்க எங்கள் கடைக்கு வந்து பழக்கம்.

கூடாரமா? மூன்று தாளிப்பனை ஓலைகள், அவ்வளவுதான். ஒன்றை விரித்தால் அதன் கீழ் எட்டுப் பேர் கால் நீட்டிப் படுக்கலாம். அரிசி, கருவாடு, கருப்பட்டி, ஒரு கேத்தல்... புறப்பட்டுவிட்டோம்.

காட்டு வாசலில் முதியான்சே ஒரு இலைக் கொப்பை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாத்தயா, ஒங்கட பேரு இங்க சொல்ல வாணாம்."

மாத்தயா என்றால் ஐயா. என் பெயர் அலியார். சிங்களத்தில் அலியா என்றால் யானை. காட்டுக்குள் அதன் பெயரைச் சொன்னால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அது வந்து நிற்குமாம். அதனால் 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

"அப்ப இவனை என்னெண்டு கூப்பிடுறது?" என்றான் கனகு.

முதியான்சே என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரு அவரு. அப்ப இவரு... பொடியன்."

சிங்களத்தில் பொடி என்றால் சின்னது. தமிழிலும் தப்ப வழியில்லை. ஆறடி உயரம் நான்! கண்டிப் பெரஹரா ஊர்வலத்து யானையே எனக்கு ஒதுங்கி வழி விட்டிருக்கிறது!

"பொடியனெண்டு கூப்பிட்டா நான் வாயே தொறக்க மாட்டன், செல்லிட்டன்."

"வாயைத் திறக்காட்டி காடு நிம்மதியாக் கிடக்கும்" என்றான் கனகு.

ஏற ஏற எல்லாம் புதினம். மரங்கள் குள்ளமாகிக்கொண்டே போயின. பாசி தாடி போலத் தொங்கியது. மேகம் ஆள் மாதிரி மரங்களுக்கிடையில் நடந்து வந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் கேத்தலோடு தண்ணீருக்குப் போனேன். ஓடை எங்கே போய் விழுகிறது என்று பார்க்க ஆசை. கொஞ்சம் இறங்கினேன்... இன்னும் கொஞ்சம்... மூடுபனி வந்து மூடியது. கையிலிருந்த கேத்தலின் மூக்கே தெரியவில்லை.

"பொடியா...!"

கனகுவின் குரல், மிகக் கிட்டத்தில். கேட்டது. பதில் சொல்லவில்லை. ஒழுங்கான பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று நடந்தேன்.

"பொடியா... பொடியா...!"

குரல் மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. அப்போதுதான் நின்று திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் ஓலை? எந்தப் பக்கம் பள்ளம்? இப்போது நான் கத்தினேன். ஓடைச் சத்தம் என் குரலை விழுங்கியது.

எவ்வளவு நேரமோ... தூரத்தில், தொண்டை கிழிய, அழுகையோடு ஒரு குரல்.

"அலியார்! எங்கையடா நிக்கிறாய்? அலியார்!"

உடனே பக்கத்துப் பற்றையில் சடசட என்று சத்தம். கனகு வந்துவிட்டான்!

"இங்க ஈக்கிறன் மச்சான்!" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன்.

பனிக்குள் ஒரு சுவர். சுவர் மூச்சு விட்டது.

இதை மற்ற இடங்களில் சொல்லும்போது ஏழு யானை என்று சொல்லியிருக்கிறேன். ஏழு நின்றிருக்கலாம். நான் கண்டது ஒரு காது.

அசையவில்லை. அசைய முடியவில்லை. அப்போது பின்னால், தாழ்ந்த குரலில்...

"பொடியன்."

முதியான்சே.

"ஓ..." என்றேன். அது என் குரலே இல்லை. "பொடியன் இங்க ஈக்கிறன்."

"திரும்ப வாணாம். பின்னால வாங்க. பொடியன்..."

"ஓ."

ஒவ்வொரு அடிக்கும் அவர் கூப்பிட்டார். ஒவ்வொரு அடிக்கும் நான் 'ஓ' சொன்னேன். காது மெல்லத் திரும்பிப் பனிக்குள் போயிற்று.

கனகு என் சட்டையைப் பிடித்துக் குலுக்கினான். "எருமை! முதலே வாயைத் திறந்திருந்தா என்ன, எருமை!"

"அந்தப் பேரும் வாணாம் மாத்தயா" என்றார் முதியான்சே.

மறுநாள் காலை முகட்டில் ஏறினோம். அந்தப் பக்கம் என்ன இருந்தது தெரியுமா? இன்னொரு மலை. அதற்கு மேலே இன்னொன்று. அங்கே ஒருவன் நின்று எங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். இப்போதும் அவன் யாரென்று அறிய ஆசைதான்.

இப்போது பிள்ளைகள் வேனில் போகிறார்கள். குடை போல விரியும் நைலோன் கூடாரம், அட்டைக்கு ஒரு போத்தல் மருந்து. நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பழைய தெல்தெனிய ஊரே, பின்னால் கட்டிய நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. முதியான்சே இல்லை. கனகுவும் இல்லை. கண்டியில் எல்லாரும் என்னை 'அலியார் ஹாஜியார்' என்கிறார்கள். முழுப் பெயர், முழு மரியாதை.

போன மாதம் புதிய தெல்தெனியச் சந்தையில் யாரோ ஒரு தாய் தன் மகனைத் தேடி "பொடியா...!" என்று கூப்பிட்டாள்.

அவனுக்கு முதல் நான் சொல்லிவிட்டேன்.

"ஓ... இங்க ஈக்கிறன்."