ரோட்டை வெட்டிய அன்று

அம்மா திண்டிவனத்தில் கவுன்சிலராக இருந்த காலத்தில், ஊர் என்னவோ அப்பாவைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அம்மா நின்றாள். வெள்ளைச் சட்டையும் மாலை மரியாதையும் அப்பாவுக்கு வந்தன. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்தலுக்கு வெகு முன்பிருந்தே, பிரசவ வலி கண்ட பெண்களை ஆட்டோவில் ஏற்றி விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், முதியோர் பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீஸில் கால்கடுக்க நிற்பதும் அவள்தான். "ஊரான் வூட்டு வேலைன்னா உங்கம்மாவுக்குச் சோறு தண்ணி வாணாம்" என்பார் அப்பா.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. எங்கள் தெருவுக்கும் பின்னால் இருந்த காலனிக்கும் நடுவே அப்போதுதான் ஒரு ரோட்டை உயர்த்திப் போட்டிருந்தார்கள். போட்ட புண்ணியவான்கள் தண்ணீர் போக ஒரு குழாய்கூட வைக்கவில்லை. ஏரி வழிந்த தண்ணீரெல்லாம் காலனிப் பக்கமே தேங்கியது. கூலி வேலைக்குப் போகிற சனங்கள், கைப்பிள்ளைகளோடு தொகுப்பு வீட்டு மாடிகளில் மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள். ரோட்டை வெட்டினால் அங்கே வடியும். ஆனால் எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடும், எங்கள் வீடு உட்பட.

அம்மா பொக்லைன் வண்டியைக் கூட்டிக்கொண்டு ரோட்டை வெட்டப் போய்விட்டாள் என்ற சேதி வந்ததும் எங்கள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நேற்றுவரை என் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் கொடுத்தவர்கள் கையில் செங்கல்லோடு நின்றார்கள். அப்பா வெள்ளைச் சட்டையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மாவை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று நிச்சயமாக நம்பினேன்.

எதிர்வீட்டு மாமா என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. "உங்கம்மாவ இஸ்துக்கினு வூட்டுக்கு வா. நீ கூப்டா வந்துருவா" என்றார்.

அங்கே அதற்குள் ஒரு கல் பட்டு வண்டியின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. டிரைவர் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கும் புள்ளக்குட்டி இருக்குதுக்கா. இந்தப் பேஜாரே வாணாம், நான் வண்டிய எடுத்துக்கினு போறேன்."

அம்மா காலனி மாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு வாம்மா, அடிச்சிடுவாங்க" என்று கதறினேன். அவள் என்னைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நேராக வண்டிக்குள் டிரைவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள்.

"புள்ளையக் கெட்டியா புடிச்சிக்கோ. இப்ப வெட்டு, ஜல்தி."

வண்டி உறுமியதில் என் பல்லெல்லாம் ஆடியது. ரோடு பிளந்து, பழுப்புத் தண்ணீர் எங்கள் தெருவைப் பார்த்துப் பாய்ந்தது. கல் ஒன்றுகூட வரவில்லை. ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. எதிர்வீட்டு மாமா மட்டும் அம்மாவைப் பார்த்து, "நீயெல்லாம் பெத்தவளா?" என்று கத்தினார். சொந்த வீட்டுக்குள்ளேயே வெள்ளத்தை விட்டாளே, அதற்குத்தான் திட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். காலனியில் இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு உயிரும் போகவில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் தெருவில் அம்மாவுக்கு ஓட்டுப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வண்டியின் சத்தத்துக்குப் பயந்துதான் எல்லோரும் கல்லைக் கீழே போட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். ஊரிலேயே பத்திரமான இடத்தில் அம்மா என்னை உட்கார வைத்தாள் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் தெருப் பிள்ளை ஒன்று இருக்கும்வரை ஒருவருக்கும் கல்லெறிய மனசு வராது என்பது, என் மகள் பிறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்குமா? அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவாள். அதனால்தான் இன்றுவரை கேட்கப் பயமாக இருக்கிறது.