மூன்றடி மண்

என் தங்கை தங்கபுஷ்பம் கொட்டிவாக்கத்தில் பதினாறு வருஷமாக இட்லிக் கடை நடத்துகிறாள். நான் எட்டாவதோடு நின்றவன். எங்கள் குடும்பத்தில் முதலில் பத்தாவது பாஸ் செய்தவள் அவள்தான்.

கடைக்குத் தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து. ஆழம் இருபத்திரண்டு அடி, நானே அளந்தேன். கடல் அரை கிலோமீட்டரில் இருந்தும் தண்ணீர் இனித்தது. 2021இல் பின்மனையை வாடகைக்கு எடுத்த ஒரு தண்ணீர்க் கம்பெனி மூன்று ஆழ்துளைப் போர் போட்டது. தினமும் முப்பத்தெட்டு லாரி. அவர்கள் உறிஞ்சிய இடத்துக்குக் கடல் வந்தது. இரண்டே கோடையில் கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை. இப்போது அவள் இட்லிக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறாள், அதே திருடர்களிடம்.

போன மாசி மாதம் நான்காவது போருக்குக் கிளம்பினார்கள். அதையும் போட்டுவிட்டால் கிணற்றை மூட வேண்டியதுதான். வாரம் ஒரு லாரி இலவசம் என்று சொல்லி, மேனேஜர் சுரேஷ்குமார் தெருவில் சம்மதக் கையெழுத்து வாங்கினார். தங்கபுஷ்பம் தவிர எல்லோரும் போட்டார்கள். அவர் கடை வாசலுக்கே வந்தார்.

"யக்கா, நீ மட்டும்தான் பாக்கி. உனக்கு இன்னா நஷ்டம்? சாம்பாருக்கு உப்பு மிச்சம்!"

தெருவே சிரித்தது.

"உங்க மொதலாளி வீட்டுச் சாம்பாருக்கு ரெண்டு குடம் குடுத்து விடட்டா தம்பி?"

"ஒத்தக் கெணத்துக்கு இவ்ளோ சீன் போடுறியா? போ, கேஸ் போடு."

அவள் கேஸ் போடவில்லை. பத்திரத்தை எடுத்தாள். பின்மனைக்குப் போக ஒரே வழியான எங்கள் சந்தில் பொதுவழி எட்டடிதான். மீதி மூன்றடி, வண்டி திரும்பட்டும் என்று அப்பா சுவர் எழுப்பாமல் விட்ட எங்கள் மண். சர்வேயர் வந்தார், டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். எல்லையில் ஆறு கருங்கல் நட்டோம்.

மறுநாள் விடியலில், லாரிகளுக்கு முன்பே போர் வண்டி வந்து கல்லில் முட்டி நின்றது. முதலில் பாய்ந்தவள் எதிர்வீட்டு மதுமதி.

"ஓசித் தண்ணிய அடைச்சிட்டியேடி, நல்லா இருப்பியா?"

"கல்லப் புடுங்குங்கடா!" என்றார் சுரேஷ்குமார்.

"புடுங்கு. பத்திர நகல் ஸ்டேஷன்ல இருக்கு."

யாரும் தொடவில்லை. வண்டி பின்னோக்கியே திரும்பிப் போனது. லாரிகளும் நுழைய முடியாததால், பத்தே நாளில் கம்பெனி மனையைக் காலி செய்து இரண்டு தெரு தள்ளிப் போய் உறிஞ்சுகிறது.

கிணறு இன்னும் உப்புதான். தெருக்காரர்கள் அவளிடம் இட்லி வாங்குவதில்லை. போன வாரம் மதுமதி வந்து, இரண்டு கல்லை மட்டும் எடுத்தால் கம்பெனி திரும்பி வருமாம் என்றாள்.

"ரெண்டு மழை பெய்யட்டும், தண்ணி மாறுதான்னு பாக்கணும்," என்றாள் தங்கபுஷ்பம். "அதுக்குள்ள கல்லத் தொட்டவன் கை இருக்காது. போய்ச் சொல்லு."