மாயக்காளின் பண்ணரிவாள்

நரிக்குடிக்குக் கிழக்கே கம்பங்கொல்லை வைத்திருந்த இருளப்பசாமி வாய் திறந்தால் மழை வரும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவ்வளவு குறைவாகப் பேசுவார். அவர் மனைவி மாயக்காள் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். அவளுடைய பண்ணரிவாள் ஓடுகிற வேகத்தில், தான் உட்கார்ந்திருக்கும் கதிர் அறுபட்டதே குருவிக்குத் தெரியாது. களத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் திருதிருவென்று விழிக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

சாகக் கிடந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். “என் அருவாள எங்கூடவே வச்சிருங்க. வேற கை பட வேண்டாம்.”

அவரும் தலையாட்டினார். ஆனால் அது அறுப்புக் காலம். குழி மூடுமுன் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கூலிக்கு வந்தவள் கைக்கு அது போனது. அறுப்பு முடிந்ததும் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம் என்ற நினைப்பு. அதற்குள் பெருமழையில் கண்மாய் உடைந்து, அவளைப் புதைத்த இடமே தெரியாமல் போயிற்று.

எழுபத்தொன்றாம் வருஷம், கொல்லையில் கருவேல வேரைத் தோண்டும்போது மண்வெட்டி ஒரு தாழியில் மோதியது. ஆள் குந்தியிருக்கும் அளவு பெரிய பானை. உள்ளே எலும்பு, கருப்பும் சிவப்புமாய்ச் சின்னக் கலயங்கள், துருவேறிய ஓர் அரிவாள்.

பக்கத்துக் கொல்லை சோலைச்சாமி எட்டிப் பார்த்தார். “அந்தக் காலத்து ஆளுக சாகவே மாட்டாகளாம்லே. சுருங்கிச் சுருங்கி மாடக்குழியில உக்காந்துக்கிட்டு கஞ்சி கேப்பாகளாம். தொல்லை தாங்காமத்தான் தாழியில எறக்குனது.”

“அருவா எதுக்குலே?”

“அவுக அருவா, அவுககூட வச்சிருக்கான். இதுல என்ன கேள்வி?”

இருளப்பசாமி அன்று கஞ்சி குடிக்கவில்லை. பொழுது சாயும்போது மாயக்காளின் அரிவாளைக் கொண்டுவந்து, பழைய அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்து மண்ணைத் தள்ளினார்.

சோலைச்சாமியின் வாய் சும்மா இருக்குமா? சேதி பரவி, மதுரையிலிருந்து ஜீப்பில் தொல்பொருள் அதிகாரிகள் வந்து தாழியைத் திறந்தார்கள். ஒருவர் துருப்பிடித்ததைப் பஞ்சில் பொதிந்தார். “கல்லை வச்சு அறுத்துக்கிட்டிருந்த சனத்துக்கு இரும்பு வந்த புதுசு. தங்கம் மாதிரி. அதையே செத்தவங்களுக்கு விட்டுக் குடுத்திருக்காங்க பாருங்க.” பிறகு மற்றதை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். “இது நம்ம ஊர்ப் பட்டறையில அடிச்சது. யாரோடது?”

“எம் பொண்டாட்டியோடது.”

“மண்ணுல போட்டு வீணாக்காதீங்க பெரியவரே. இந்தாங்க.”

ஜீப் போய்விட்டது. கொல்லையில் கம்பு முற்றி நின்றது. அறுப்புக்கு வந்த பெண் அரிவாள் கேட்டாள். அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, “கையால ஒடி தாயி” என்றார்.