நனைந்த ரீடு

வாயில் ரீடு இருந்தால் அக்காவிடமிருந்து பதில் வராது. கிளாரினெட்டில் கட்டுகிற அந்த மெல்லிய நாணல் சீவலை எச்சிலில் நனைத்தால்தான் ஊத முடியும். அதை உதட்டிடுக்கில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி கனவில் இருப்பவள் போல உட்கார்ந்திருப்பாள். பாத்திரம் தேய்க்க அம்மா கூப்பிடும்போதுதான் சரியாக அவளுக்கு ரீடு நனைக்க வேண்டியிருக்கும். அத்தனை பாத்திரமும் என் தலையில் விழும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர் லுத்தரன் கோயிலில் அப்பாதான் ஆர்மோனியம். அவர் வைத்த சுருதிதான் சபைக்குச் சுருதி. போதகரே ஆனாலும் அதில்தான் பாட வேண்டும். அக்காவுக்கு ஜெர்மனியில் இசை படிக்க இடம் கிடைத்த அன்று மாலை, "படிச்சு முடிச்சிட்டு இங்கயே வந்துடுவியா பாப்பா?" என்று கேட்டார். அக்கா வாயில் ரீடு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்காமலே வருடங்கள் ஓடின.

அக்கா அங்கேயே ஒரு இசைக்குழுவில் சேர்ந்தாள். பிறகு பழங்காலக் கிளாரினெட் பைத்தியம் பிடித்தது. மஞ்சள் மரம், விரலால் அழுத்த ஐந்தே ஐந்து சாவிகள், இருநூறு வருடத்துக்கு முந்தைய அமைப்பு. குழுவில் வாசிப்பது வழக்கமான கருப்பு. "கருப்புக் கிளாரினெட் சோறு போடுது, மஞ்சள் தூக்கத்தக் கெடுக்குதுடி" என்பாள் போனில். இந்த வருடம், விளைச்சலைக் கோயிலில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு வந்தபோது, அப்பாவுக்குக் காட்டும் ஆசையில் மஞ்சளை மட்டும் எடுத்து வந்திருந்தாள். அப்பாவோ, மகள் தன் ஆர்மோனியத்தோடு சேர்ந்து வாசிப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பண்டிகைக்கு முதல் நாள் மதியம் ஆளில்லாத கோயிலில் ஒத்திகை. பீடத்தருகே சாய்த்திருந்த நெற்கதிர்களின் வாசனை, ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசி. அக்கா ஊதினாள், அப்பா கட்டையை அழுத்தினார், எனக்குப் பல் கூசியது. பழைய கருவியின் சுருதி கொஞ்சம் தாழ்வு. ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் அது இல்லை, இரண்டு கட்டைக்கு நடுவே எங்கோ கிடந்தது. ஜெர்மனியில் அவளோடு வாசிப்பவர்கள் எல்லோருக்கும் அதே சுருதி என்பதால் அக்காவுக்கு இது தோன்றவே இல்லை. அப்பா ஒவ்வொரு கட்டையாகத் தேடினார்.

"எது தப்பு பாப்பா, என்னுதா, உன்னுதா?"

"ரெண்டும் சரிதாம்பா. சேராது, அவ்வளவுதான்."

மறுநாள் பூசணிக்காயும் வாழைத்தாரும் கால் கட்டிய சேவலுமாகக் கோயில் நிறைந்திருந்தது. கீர்த்தனை நேரத்தில் அப்பா ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்து நின்றார். அக்கா ஊத, அந்தச் சுருதியைக் காதில் வாங்கி, தனியாகப் பாட ஆரம்பித்தார். சபை மெல்ல அவரோடு இறங்கி வந்து சேர்ந்துகொண்டது. பாட்டு தரையில் படாமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது போலிருந்தது. நான் பாடவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

ஜெர்மனிக்குத் திரும்பும் காலையில் அக்கா அதே ஜன்னலருகே, வாயில் ரீடோடு உட்கார்ந்திருந்தாள். வாய்க்கால் மேல் பனி. அப்பா வந்து நின்றார்.

"இங்கயே வந்துடுவியா பாப்பா?"

அக்கா ரீடை வாயிலிருந்து எடுத்தாள்.

"இல்லப்பா. வருஷா வருஷம் வருவேன். இருக்க மாட்டேன்."

அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

"சரி, ரீடு காஞ்சிடப் போகுது. வாயில வை."